மேல்காற்று (மேற்கிலிருந்து வருவது) அடிக்கும்போது மேற்கு நடைபாதையில் மாசு ஏன் கூடுதல்? (தெரு மட்ட மாசுப் பரவல், ஏர்மாட் / ஓஎஸ்பிஎம் / சிஎஃப்டி)

காற்றாடி:

சென்னையில் வடக்கு தெற்காக ஓடும் ஒரு கடைத்தெரு. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய ஐந்து மாடிக் கட்டடங்கள், சராசரி உயரம் 18 மீ. எதிரெதிர் கட்டடங்களுக்கு நடுவே 15 மீ, அதில் வண்டி ஓடுவது 8 மீ. மேற்கு நடைபாதையில், தெரு நடுக்கோட்டிலிருந்து 6.5 மீ தள்ளி, 3 மீ உயரத்தில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) அளக்கும் கருவி இருக்கிறது.

ஏர்மாட்டில் (புகை பரவலைக் கணக்கிடும் மாடல்) தெருவை 8 மீ அகல வால்யூம் மூலங்களின் (புகை கிளம்பும் கனவடிவத் துண்டுகள்) வரிசையாகப் போட்டிருக்கிறேன். வானிலைக்கு மீனம்பாக்கம் மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை). ஜூன், ஜூலை மணிநேரத் தரவு.

சிக்கல் இதுதான். மேல்காற்று அடிக்கும் மணிகளில் கருவி கூடுதலாகக் காட்டுகிறது, மாடல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிறது. கடல்காற்று வந்ததும் கருவியில் இறங்குகிறது, மாடலில் ஏறுகிறது. அப்படியே தலைகீழ். காற்றுத் திசையை 180 பாகை திருப்பிப் போட்டால் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகின்றன. திருப்பியே வைத்துவிடலாமா, இல்லை எங்காவது பிழை இருக்கிறதா?

தெருமுனை:

திருப்பாதீங்க. அது செருப்புக்காகக் காலை வெட்டுற வேலை. இந்தத் தெருவுக்குப் பொருந்தும். பக்கத்துல கிழக்கு மேற்கா ஓடுற தெரு, ஜெனரேட்டர் புகைக்குழாய், அத்தனையும் கெட்டுப்போகும்.

முதல்ல உண்மையான பிழை இருக்கான்னு பாருங்க. மூணு இடத்துல வரும்.

ஒண்ணு, திசை வழக்கம். மெட்டார்ல 270னா காற்று மேற்கிலிருந்து வருது. வேற எங்கிருந்தாவது எடுத்த கோப்புல அது போற திசையா இருக்கலாம்.

ரெண்டு, நேரம். மெட்டார் உலக நேரத்துல இருக்கும், நமக்கு ஐந்தரை மணி கூட்டணும். கூட்டியாச்சான்னு தெரிஞ்சுக்க ஜூன் மாசத்துல கடல்காற்று திரும்புற மணியைப் பாருங்க. கடற்கரைப் பக்கம் அது நண்பகலை ஒட்டித் திரும்பணும். உங்க கோப்புல காலை ஆறரை, ஏழுக்கே கிழக்குக்கு மாறுதுன்னா நேரம் மாத்தாம விட்டிருக்கீங்க. அப்போ காலை நெரிசல் மேல மதியக் காற்று வந்து உக்காந்திருக்கும்.

மூணு, அமைதி மணிகள். காற்று இல்லைன்னா மெட்டார்ல திசை, வேகம் ரெண்டுமே பூஜ்யம். திசை நிலையில்லைன்னா எண்ணுக்குப் பதிலா எழுத்துக்குறி இருக்கும். மாத்துற நிரல் ரெண்டையும் 0 பாகைன்னு எடுத்துக்கிட்டா உங்க ஊர்ல திடீர்னு வாடைக்காற்று நிறைய அடிக்கும், அதுவும் ராத்திரியில. அப்புறம் வேகம் நாட்ல இருக்கும், 0.514 ஆல பெருக்கணும்.

இந்த மூணும் சரியா இருந்தா உங்ககிட்ட பிழையே இல்லை. கருவி காட்டுறது உண்மை. தெருவுக்குள்ள காற்று தலைகீழாத்தான் ஓடுது.

தெருமுனை:

(தொடர்ச்சி) உயரம் 18, அகலம் 15. விகிதம் 1.2. நகர வானிலை ஆய்வாளர் ஓக் 1988ல தெருக்காற்றைப் பிரிச்ச மூணு வகையில, விகிதம் ஏறக்குறைய 0.7ஐத் தாண்டினா மேலே அடிக்கிற காற்று கூரையைத் தடவிக்கிட்டே போயிடும், தெருவுக்குள்ள முழுசா இறங்காது. உள்ள ஒரு சுழல் உருண்டுக்கிட்டே இருக்கும்.

மேற்கிலிருந்து காற்று வருதுன்னு வைங்க. கூரை மேல அது கிழக்கு நோக்கிப் போகுது. கிழக்குக் கட்டடத்துல மோதி அதன் சுவரோரமா கீழ இறங்குது. தரைமட்டத்துல கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பி ஓடுது. வழியில வண்டிப் புகையை எல்லாம் வாரிக்கிட்டு மேற்குச் சுவர்ல ஏறுது. உங்க கருவி நிற்கிறது அங்கதான், அதாவது காற்று மறைவுப் பக்கத்துல. எதிர்ப்பக்கம் காற்று மோதுற பக்கம், அங்க கூரையிலிருந்து இறங்குற ஓரளவு சுத்தமான காற்று.

கடல்காற்று வந்தா இதே கதை மறுபுறம். போக்குவரத்து அப்படியே இருக்க உங்க கருவியில அளவு இறங்குறது அதனாலதான்.

சிக்மா_இசட்:

தெருமுனை சொன்னதோடு ஏர்மாட் பக்கத்திலிருந்து ஒன்று. அது நேர்கோட்டுப் புகைத்தாரை மாடல். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் புகையும் போகும். கட்டடத்துக்குப் பின்னால் உருவாகும் சுழலைக் கணக்கிடும் பிரைம் பகுதி புள்ளி மூலங்களுக்கு மட்டும்தான். வால்யூம், ஏரியா (பரப்பு), லைன் (கோடு) மூலங்களுக்குக் கட்டடமே கிடையாது. அர்பன்ஆப்ட் என்ற நகர அமைப்பைப் போட்டால் தெருச் சுழல் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வராது. அது மக்கள்தொகையை வைத்து, நகர வெப்பத்தால் இரவில் கூடும் கலப்பைச் சேர்ப்பது, அவ்வளவே.

இன்னொரு குழியும் இருக்கிறது. வால்யூம் மூலத்துக்கு விலக்கு வட்டம் (அதற்குள் இருக்கும் புள்ளிக்கு அந்த மூலத்தின் பங்கை மாடல் கணக்கிடாது) உண்டு: 2.15 பெருக்கல் தொடக்கப் பக்கவாட்டு சிக்மா (புகை தொடக்கத்தில் பரவியிருக்கும் அளவு), கூட்டல் 1 மீ. ஒட்டி ஒட்டி வைத்த மூலங்களுக்கு அந்த சிக்மா, அகலத்தை 2.15 ஆல் வகுத்தது. 8 மீ அகலத்துக்கு 3.72 மீ. ஆக விலக்கு வட்டத்தின் ஆரம் 9 மீ. உங்கள் கருவியோ 6.5 மீட்டரில். நேர் எதிரே இருக்கும் மூலங்கள் அனைத்தும் அந்த ஏற்பிக்கு (கருவி இருக்கும் கணக்குப் புள்ளி) சத்தமில்லாமல் பூஜ்யம் தருகின்றன, தெருவில் தள்ளி இருப்பவை மட்டுமே சேர்கின்றன. ஓட்டம் நிற்காது. முடிவுக் கோப்பில் எண்ணும் அழகாக இருக்கும்.

ஆகவே நீங்கள் இப்போது பார்க்கும் மாடல் எண் எந்தத் திசைக்குமே சரியில்லை. ஏர்மாட்டில்தான் இருக்கவேண்டும் என்றால் ஏரியா, லைன் அல்லது ஆர்லைன் (சாலைக்கான கோடு) வகை மூலமாக மாற்றுங்கள், அவற்றுக்கு விலக்கு வட்டம் இல்லை. செங்குத்துத் தொடக்க சிக்மாவுக்கு வண்டி உயரத்தை 1.7 ஆல் பெருக்கி 2.15 ஆல் வகுப்பது வழக்கம். சராசரி உயரம் 1.5 மீ என்றால் 1.19 மீ. வெளியேறும் உயரம் அந்தப் பெருக்குத்தொகையில் பாதி, ஏறக்குறைய 1.3 மீ.

ஆனால் இந்த இடத்துக்கு அது கருவியே அல்ல. சுற்றுவட்டாரச் சாலைகள், புகைக்குழாய்கள் எல்லாம் சேர்ந்து கூரைமட்டத்தில் என்ன வருகிறது என்பதற்கு ஏர்மாட். தெருவுக்குள் நடப்பதற்கு வேறு.

காற்றாடி:

நேரம் மாற்றியிருக்கிறேன், திசை சரி. அமைதி மணிகள் 0 பாகையாகத்தான் போயிருக்கின்றன, திருத்துகிறேன். விலக்கு வட்டம் தெரியாது.

தெருச் சுழலுக்கு எளிய கணக்கு உண்டா? சிஎஃப்டி (களத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் காற்றோட்டத்தைத் தீர்க்கும் கணினி முறை) தவிர.

தெருமுனை:

ஓஎஸ்பிஎம், தெருவுக்கான மாசு மாடல். டென்மார்க்காரங்க செஞ்சது, கோபன்ஹேகன் யாக்ட்வெய் தெருவுல பல வருஷத் தரவு வச்சுச் சோதிச்சது. கைக்கணக்காவே போட்டுப் பாக்கலாம்.

முதல்ல காற்று. விமான நிலையத்து 10 மீ காற்றை அப்படியே கூரைக்காற்றா போடாதீங்க. மடக்கை விதியில 100 மீ வரை ஏத்தி, அங்கிருந்து நகரக் கரடுமுரடுக்கு இறக்குங்க. விமான நிலையத்துல 4 மீ/வி, கரடுநீளம் (தரை எவ்வளவு கரடுமுரடுன்னு சொல்ற அளவு) 0.05 மீ: 100 மீட்டர்ல 5.7 வரும். நகரத்துக்குக் கரடுநீளம் 1 மீ, இடப்பெயர்ச்சி உயரம் (கட்டடங்களால காற்று வரைகோடு மேல தள்ளப்படுற அளவு) 18ல 0.7 பங்கு, அதாவது 12.6 மீ. தரையிலிருந்து 24 மீட்டர்ல 3.1 மீ/வி. 3ன்னு வைப்போம். இது நடுநிலை வளிக்கு, ராத்திரிக்கு ஆகாது.

உமிழ்வு. மணிக்கு 1500 வண்டி, கலப்புச் சராசரி கிலோமீட்டருக்கு 0.6 கிராம் நாக்ஸ்னு உதாரணத்துக்கு எடுத்தா, 1500 × 0.6 ÷ 3600 = 0.25. அதாவது தெரு மீட்டருக்கு வினாடிக்கு 250 மைக்ரோகிராம்.

தெருமட்டக் காற்று கூரையில மூணுல ஒரு பங்கு, ஏறத்தாழ 1 மீ/வி. வண்டிகள் கிளப்புற கொந்தளிப்பை 0.3 மீ/வின்னு வைங்க. காற்றோட பத்துல ஒரு பங்கை அதோட இருபடியாக் கூட்டி மூலம் எடுத்தா, செங்குத்துக் கலப்பு 0.32 மீ/வி.

நேரடிப் பங்கு: புகை 2 மீ தடிப்புல தொடங்கி 15 மீ கடக்கும்போது 6.7 மீ தடிக்குது. 0.8 × (250 ÷ 15) ÷ 0.32 × மடக்கை(6.7 ÷ 2). ஏறத்தாழ 50 மைக்ரோகிராம்/கன மீ. இது மறைவுப் பக்கத்துக்கு மட்டும்.

சுழன்று திரும்புற பங்கு: கூரைவாயில் வழியா வெளியேறுற வேகத்தை வச்சு. கூரைக்காற்றுல பத்துல ஒரு பங்கு 0.3, அதோட இருபடியையும் வண்டிக் கொந்தளிப்போட இருபடியில 0.4 பங்கையும் கூட்டுங்க. மூலம் எடுத்தா 0.355 மீ/வி. 250 ÷ (15 × 0.355) = 47. இது ரெண்டு பக்கத்துக்கும் பொது.

ஆக மேல்காற்றுல மேற்கு நடைபாதை 97, கிழக்கு நடைபாதை 47. பின்னணி இதுக்கு மேல. ரெண்டு மடங்கு வித்தியாசம், அதுவும் ஏர்மாட் சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

கண்ணிவலை:

நல்ல கணக்கு. ஆனால் கட்டட உயரம் ஒரே மாதிரி இல்லாத தெரு, நடுவில் சந்து, மேம்பாலம் என்றால் ஓஎஸ்பிஎம் திணறும். அப்போது சிஎஃப்டி தேவைப்படுகிறது. ஓப்பன்ஃபோமில் (சிஎஃப்டி மென்பொருள்) இந்த வேலைக்கு வருபவர்கள் விழும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

களப்பரப்பு: உயர்ந்த கட்டடத்தைப் போல நுழைவுப் பக்கம் 5 மடங்கு, பக்கவாட்டில் 5, கூரைக்கு மேல் 5, வெளியேறும் பக்கம் 15. உங்களுக்கு 90 மீ, வால் பக்கம் 270 மீ. தெரு அகலத்தில் குறைந்தது 10 கண்ணறைகள் (கணக்குக்காகக் களத்தைப் பிரிக்கும் சிறு துண்டுகள்), எனவே 1.5 மீட்டருக்கு மேல் போகவே கூடாது. 0.75க்கு இறக்கி ஒரு முறை ஓட்டி, நடைபாதை எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அடுத்தடுத்த கண்ணறை வளர்ச்சி 1.3ஐத் தாண்ட வேண்டாம்.

கட்டடத்தைப் போடும் முன் வெற்றுக்களம் ஓட்டுங்கள். நுழைவில் கொடுத்த காற்று, கொந்தளிப்பு வரைகோடுகள் கட்டடம் வரப்போகும் இடத்தில் அப்படியே இருக்கின்றனவா? பெரும்பாலும் இருக்காது. தரையருகே காற்று வேகமாகி, கொந்தளிப்பு ஆற்றல் கரைந்திருக்கும். காரணம் கரடுத் தரை விதி. மணற்கரடு வகை விதியில் (கரட்டை மணல்துகள் உயரமாகக் கணக்கிடுவது), கரடுநீளம் 1 மீ கொடுத்தால் அதற்கு இணையான மணற்கரடு ஏறக்குறைய 20 மீ. முதல் கண்ணறையின் நடு அதற்கு மேலே இருக்கவேண்டும். கட்டடமே 18 மீ! அதனால் நகரக் கரட்டைத் தரையில் பூசாதீர்கள். சுற்றிலும் இரண்டு மூன்று வரிசைக் கட்டடங்களை நிஜமாகவே வையுங்கள். தெருத் தரைக்கு 0.01 மீ போதும். ஓப்பன்ஃபோமின் வளிமண்டலக் கரட்டுச் சுவர் விதி கரடுநீளத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளும். அதிலும் முதல் கண்ணறையைக் கவனியுங்கள்.

அடுத்தது ஷ்மிட் எண் (கொந்தளிப்பு, காற்றின் வேகத்தைக் கலப்பதற்கும் மாசைக் கலப்பதற்கும் உள்ள விகிதம்). கட்டுரைகளில் 0.2 முதல் 1.3 வரை எல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள். கே-எப்சிலான் (வழக்கமான கொந்தளிப்பு மாடல்) கூரைவாயிலில் கலப்பைக் குறைத்துக் காட்டும், அதை ஈடுகட்ட ஷ்மிட் எண்ணை இறக்கித் தரவோடு பொருத்துவார்கள். ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடுவது அது. 0.7 வைத்து, அதை மாற்றாமல் இருங்கள். ஓப்பன்ஃபோமில் மாசுப் பரவலைக் கணக்கிடும் ஸ்கேலார் டிரான்ஸ்போர்ட் பகுதியில் இதைக் கொடுக்க மறந்தால் கொந்தளிப்புப் பரவல் கெழு 1 என்று எடுத்துக்கொள்ளும். 0.7க்கு 1.43 என்று எழுதவேண்டும்.

எதிர்ம அடர்த்தி (பூஜ்யத்துக்குக் கீழான மாசு அளவு) வருகிறதா? அடர்த்திக்கு வரம்பில்லாத நேரியல் திட்டம் போட்டிருப்பீர்கள், வரம்புள்ள திட்டத்துக்கு மாறுங்கள். கடைசியில் நிறைச் சமன். தெருவில் விட்டது 250 என்றால் எல்லா வெளியேற்றங்களிலும் சேர்த்து 250 போகவேண்டும். இதைப் பார்க்காமல் வண்ணப்படம் ஒட்டுபவர்கள் அதிகம்.

மறுகணக்கு:

எதற்குச் சிஎஃப்டி? இவருக்குத் தேவை இரண்டு மாத மணிநேரத் தரவு. 1400 மணிக்கும் மேல். ஒவ்வொன்றையும் ஓட்டுவீர்களா?

கண்ணிவலை:

ஓட்டவேண்டாம். 16 திசை ஓட்டி, அடர்த்தி × காற்று வேகம் × உயரம் ÷ மீட்டருக்கான உமிழ்வு என்று அலகற்றதாக்கி வைத்துக்கொண்டால், மணிநேர வேகத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

மறுகணக்கு:

அங்கேதான் விழும். வேகத்தால் வகுப்பது கூரைக்காற்று 2 மீ/விக்கு மேல் சரி. 0.5 வந்தால் எண் வானத்துக்குப் போகும், உண்மையில் போகாது. ஏனென்றால் அப்போது புகையைக் கலைப்பது காற்று அல்ல, வண்டிகள். மேலே தெருமுனையின் கணக்கிலேயே பாருங்கள்: கூரைக்காற்று பூஜ்யமானாலும் வெளியேற்ற வேகம் 0.19இல் நிற்கும், திரும்பும் பங்கு 88ஐத் தாண்டாது. வெயில் சுவரைச் சுடவைப்பதும் அந்த வேகத்தில்தான் சுழலைக் குலைக்கும். மோசமான மணிகள் அந்தக் குறைகாற்று மணிகள்தான். அங்கே அலகற்ற அட்டவணை கைகொடுக்காது.

தவிர, உமிழ்வு எண் 0.6 எங்கிருந்து வந்தது? பேருந்து, ஆட்டோ, இருசக்கர வண்டி விகிதம் எண்ணாமல் அதில் ஒன்றரை மடங்கு பிழை சாதாரணம். ஷ்மிட் எண்ணைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன் ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, வண்டி எண்ணுங்கள்.

கண்ணிவலை:

குறைகாற்று ஒத்துக்கொள்கிறேன். வகுக்கும் வேகத்துக்குப் பதிலாக, காற்றின் இருபடியும் வண்டிக் கொந்தளிப்பின் இருபடியும் சேர்ந்த மூலத்தை வைப்பது ஒரு வழி.

சோதனைத் தரவு பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் மஸ்ட் தரவில் போய் நிற்கிறார்கள். 2001இல் யூட்டா பாலைவனத்தில் 120 சரக்குப் பெட்டகங்களை 12 வரிசையாக அடுக்கிச் செய்த சோதனை. அருமையான தரவு, ஆனால் பெட்டகம் 2.5 மீ உயரம்தான், நடுவே பெரிய இடைவெளி. தெருப் பள்ளத்தாக்குக்கு அது சோதனை ஆகாது. கார்ல்ஸ்ரூஹவின் கோடாஸ்க் காற்றுக்குகைத் தரவை எடுங்கள். 1:150 அளவு, நிஜ அளவில் கட்டடம் 18 மீ, உங்கள் தெருவின் அதே உயரம். உயர அகல விகிதம் 1. மரம் வைத்தும் வைக்காமலும் இரண்டும் உண்டு. மரம் வைத்ததில் மறைவுச் சுவரில் அடர்த்தி கூடுகிறது, மோதும் சுவரில் சற்றுக் குறைகிறது. நிழல் மரம் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்புகிறவர்கள் அந்த அட்டவணையை ஒரு முறை பார்க்கலாம்.

மாடல் எவ்வளவு சரி என்று பார்க்க, நகரத்துக்கு ஆய்வாளர்கள் ஹன்னாவும் சாங்கும் சொன்ன அளவுகோல்: கணித்ததில் 30 சதவீதமாவது அளந்ததன் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையே, பின்ன ஒருசார்பு (சராசரியில் கூட்டியோ குறைத்தோ சொல்வது) 0.67க்குள், இயல்பாக்கிய இருபடிப் பிழை 6க்குள். படித்தால் தளர்வாகத் தெரியும். நேரம், இடம் இரண்டையும் இணைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவே கடினம் என்று புரியும்.

ஓசோன்_ஓரம்:

யாரும் தொடாத ஒன்று. கருவி நாக்ஸ் அளக்கிறது, சரி. அறிக்கையில் கேட்கப்போவது நைட்ரஜன் டைஆக்சைடு. தேசியத் தரத்தில் 24 மணிக்கு 80 மைக்ரோகிராம் என்று இருப்பது அதுக்குத்தான்.

வண்டியிலிருந்து பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடாக வருகிறது, ஓசோனோடு சேர்ந்து டைஆக்சைடாகிறது. 25 பாகை செல்சியஸில் வினைமாறிலி பிபிபிக்கு (நூறு கோடியில் ஒரு பங்கு) வினாடிக்கு 0.00044. கூரையில் ஓசோன் 30 பிபிபி என்றால் வினைக்கு ஆகும் நேரம் 76 வினாடி. புகை தெருவுக்குள் தங்கும் நேரம்? உயரம் 18, வெளியேற்ற வேகம் 0.355, ஆக 51 வினாடி. இரண்டும் ஒரே அளவு. அதனால் "முழுதும் மாறிவிட்டது" என்பதும் தப்பு, "மாறவே இல்லை" என்பதும் தப்பு. நிலையான விகிதம் போடாமல், தங்கும் நேரத்தோடு வினையைச் சேர்த்துத் தீர்க்கவேண்டும். ஓஎஸ்பிஎம்மில் அது உள்ளேயே இருக்கிறது. சிஎஃப்டிக்காரர்கள் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறார்கள்.

ஓசோன் தீர்ந்துபோவதையும் பாருங்கள். காலை நெரிசலில் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைவிட அதிகம், அப்போது டைஆக்சைடுக்கு உச்சவரம்பு ஓசோன்தான்.

அலகு: உமிழ்வுக் காரணிகளில் நாக்ஸ் எடை வழக்கமாக டைஆக்சைடாகக் கணக்கிட்டது. அதை நைட்ரிக் ஆக்சைடு எடை என்று உள்ளே போட்டால் 46க்கு 30 என்ற விகிதத்தில், ஒன்றரை மடங்கு கூடிவிடும். கருவி பிபிபியில் தந்தால் 1.88 ஆல் பெருக்கி மைக்ரோகிராமாக்குங்கள்.

காற்றாடி:

வண்டி எண்ணும் ஏற்பாடு செய்கிறேன். பின்னணிக்கு அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தை எடுக்கலாமா? அது இன்னொரு சாலையோரம்தான்.

கருவிக்கு 8 மீ தெற்கே மேற்குப் பக்கம் ஒரு சந்து திறக்கிறது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சிக்மா_இசட்:

சாலையோர நிலையத்தை எடுத்தால் ஒரே வண்டிப்புகையை இரண்டு முறை கூட்டுவீர்கள். கூரைமேல் அளவு இருந்தால் அது. இல்லையென்றால் அந்த மணியின் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், சாலையிலிருந்து விலகிய நிலையம். மணிக்கு மணி எடுக்கவேண்டும், மாதச் சராசரி வேண்டாம்.

தெருமுனை:

சந்தை முதல்லயே சொல்லியிருக்கணும். 8 மீட்டர்ங்கிறது கட்டட உயரத்துல பாதி கூட இல்லை. மேல்காற்றுல சந்து வழியா நேராவே காற்று தெருவுக்குள்ள வரும், மூலையில நிமிர்ந்து நிக்கிற ஒரு சுழல் உண்டாகும், உருளைச் சுழல் அங்க உடையும். அந்த இடத்துல மறைவுப் பக்கத்து அளவு நான் சொன்ன 97 அளவுக்கு ஏறாது. ஓஎஸ்பிஎம்முக்குச் சந்து தெரியாது, அதனால மேல்காற்று மணிகள்ல அது உங்க கருவியைவிடக் கூட்டிக் காட்டுனா உமிழ்வைக் குறைக்கப் போயிடாதீங்க.

ரெண்டு விஷயம் பண்ணுங்க. மணிகளைத் திசைவாரியாப் பிரிச்சு, 250லிருந்து 290 வரை ஒண்ணு, 70லிருந்து 110 வரை ஒண்ணு, கூரைக்காற்று 2 மீ/விக்கு மேல உள்ளதை மட்டும் எடுத்து, பின்னணியைக் கழிச்சு, ஒரே போக்குவரத்து மணிகள்ல ரெண்டுக்கும் விகிதம் பாருங்க. உமிழ்வு எண் அதுல தானா அடிபட்டுப் போகும், மிச்சம் இருக்கிறது சுழல் மட்டும். அடுத்தது, முடிஞ்சா கருவியை 25 மீ வடக்கே தள்ளி ரெண்டு வாரம் வைங்க.

காற்றாடி:

25 மீ வடக்கே ஒரு மின்மாற்றி இருக்கிறது. 30இல் வைக்க இடம் கேட்கிறேன். அதுவரை கண்ணிவலை சொன்ன வெற்றுக்களத்தை ஓட்டிப் பார்க்கிறேன். முதல் ஓட்டத்திலேயே கொந்தளிப்பு ஆற்றல் தரையருகே நுழைவில் இருந்ததைவிடக் குறைகிறது. நுழைவில் 0.5 மீ கரடு கொடுத்து, தரைக்கு 0.01 கொடுத்திருக்கிறேன், அதனால்தானே?

கண்ணிவலை:

அதனால்தான். கட்டடங்கள் தொடங்கும் வரைக்குமான வெறும் தரைக்கும் 0.5 கொடுங்கள், கண்ணறையை அங்கே உயர்த்திக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தையும் முடிந்தவரை குறுக்குங்கள். 0.01 கட்டடங்களுக்கு நடுவே மட்டும்.